இரண்டு டிகிரி கங்கை

காசிக்குப் போக இனி ரயில் டிக்கெட் தேவையில்லை. கங்கையே கிளம்பி, பூமிக்கடியில் இரண்டாயிரம் கிலோமீட்டர் நடந்து, கீழவைப்பார் சாலையோரத்து உப்பளக் காலனியில் வந்து எழுந்துவிட்டாள். வழியில் எத்தனையோ நல்ல ஊர்கள் இருந்தன. அத்தனையையும் விட்டுவிட்டு, நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளத்தின் கரையடியைத்தான் தேர்ந்தெடுத்தாள். தெய்வத்தின் விருப்பத்தை நாம் கேள்வி கேட்கக் கூடாது.

ஆவணி பிறந்ததிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்து வேன், சாயர்புரத்திலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இரண்டு கேன். மூக்கைப் பொத்திக்கொண்டு குளத்தைக் கடப்பார்கள். கரையடிக்கு வந்ததும் மூக்கை விட்டுவிட்டுக் கையைக் கூப்புவார்கள்.

கங்கையைக் கண்டுபிடித்தவர் கங்கைச் சித்தர். போன ஆடி வரை அவர் பெயர் ஜீவமணி. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். தேங்காய் எங்கே நிமிர்கிறதோ அங்கே ஆழ்துளைக் கிணறு போடச் சொல்வார். ஒன்பது இடத்தில் தேங்காய் நிமிர்ந்தது. ஒன்பதிலும் உப்புத் தண்ணீர். இந்தக் கடற்கரையில் வேறென்ன வரும்? பத்தாவது இடம் தேடி வந்தபோது, குளத்துக் கரையடியில் தண்ணீர் தானாகக் கசிந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பில்லை! அன்று சாயங்காலமே காவி வாங்கிவிட்டார்.

ஊரும் அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தது. சான்றிதழ் கொடுத்தது சுடலைமாடத்தி. இருபத்தைந்து வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறவள். பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று மற்றவர்கள் கருவியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். சுடலைமாடத்தி நாக்கில் ஒரு சொட்டு விட்டே சொல்லிவிடுவாள். கருவி தப்பினாலும் அவள் நாக்கு தப்பாது. "ஜீரோ டிகிரிளா! சீனித் தண்ணி மாதிரி இருக்கு!" என்று அவள் கத்தியது நாலு ஊருக்குக் கேட்டது. அன்றிலிருந்து முதல் தீர்த்தம் அவளுக்குத்தான்.

சித்தருக்கு மத பேதம் கிடையாது. கடற்கரைக் கத்தோலிக்கர்கள் வந்தால் தண்ணீர் கசிகிற அதே குழியை, ஏசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் ஆறு என்பார். பச்சை மூடி போட்ட பாட்டில் கங்கை, நீல மூடி போட்டது யோர்தான். மூடிதான் வேறு.

இந்தக் கூத்தையெல்லாம் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் டெல்பின். அந்தக் குளத்தின் ஆபரேட்டர் அவள்தான். காலையில் நீர்மட்டம் பார்ப்பது, பம்பை ஓட்டுவது, கரையைச் சுற்றி வருவது அவள் வேலை. கரைக்குக் கீழே நாற்பத்துமூன்று வீடுகள் உள்ள அந்தக் காலனியில் மூன்றாவது வீடு அவளுடையது.

ஒருநாள் வீட்டுக்குப் போனால், மாமியார் பிலோமினா நீல மூடியைத் திறந்து குடிதண்ணீர்ப் பானையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, என்னத்த ஊத்துதிய?"

"யோர்தான் தண்ணிளா. முழங்கால் வலிக்கு நல்லதாம்."

"அது நம்ம கக்கூஸ் தண்ணி மாமி."

"வாயக் கழுவுளா!"

"கழுவுதேன். அந்தத் தண்ணியில மட்டும் கழுவ மாட்டேன்."

பிறகு பொறுமையாகவே சொன்னாள். ஊர்க் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர். அதில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம், மற்றதெல்லாம் செய்கிறோம். அத்தனையும் சாக்கடை வழியாக இந்தக் குளத்துக்கு வருகிறது. மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் உப்பு. உப்பில்லாமல் இங்கே கசிய வேண்டுமானால் குளத்திலிருந்துதான் கசிய வேண்டும். பிலோமினா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "உனக்கு விசுவாசம் பத்தாது" என்றாள்.

விசுவாசம் இருக்கட்டும். டெல்பினுக்குப் பயம் வேறு. தினமும் காலையில் அந்தக் கசிவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வைப்பாள். தண்ணீர் தெளிவாக இருந்தவரை கவலையில்லை. புரட்டாசி முதல் வாரம் அடியில் நகக்கண் அளவு வண்டல் படிந்தது. அடுத்த வாரம் ஒரு விரற்கடை. கரை உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஐப்பசி மழையில் குளம் நிறைந்தால் கரை போய்விடும். அதன் பிறகு கங்கை பாட்டிலில் வர மாட்டாள், நேராக வீட்டுக்குள் வருவாள். தூங்குகிற மகள் அனிஷாவை டெல்பின் ராத்திரியில் எழுந்து எழுந்து பார்த்தாள்.

நகராட்சி உதவிப் பொறியாளர் சிவபாலன் மணல், ஜல்லி, சாக்குகளோடு ஒரு ஜேசிபியையும் கொண்டுவரத்தான் செய்தார். சித்தர் குறுக்கே உட்கார்ந்தார். "தாயோட மூச்சுக்குழிய அடைக்கவா வந்திய?" என்றார். அவ்வளவுதான், இருநூறு பேர் ஜேசிபி முன்னால் படுத்துவிட்டார்கள்.

"பப்ளிக் சென்டிமென்ட்மா" என்றார் சிவபாலன். "லா அண்ட் ஆர்டர் பிரச்சினையாயிரும். நான் ரிப்போர்ட் எழுதிருதேன்."

"மழை உங்க ரிப்போர்ட்டப் படிச்சிட்டா சார் வரும்?"

தண்ணீர் கலங்கியதற்கும் சித்தரிடம் பதில் இருந்தது. "தாய் மஞ்சப் பூசிக் குளிக்கா!" என்றார். மஞ்சள் கங்கைக்கு விலை இரட்டிப்பு. கரை கரையக் கரைய அவர் கல்லா நிறைந்தது.

செவ்வாய்க்கிழமை, கூட்டம் நிறைந்த நேரமாகப் பார்த்து, டெல்பின் குழிக்குப் பக்கத்தில் சித்தர் போட்டிருந்த பந்தலுக்குள் போனாள்.

"சாமி, இந்தத் தண்ணி எங்கன இருந்து வருது?"

"காசியில இருந்து, மகளே."

"குளத்துல இருந்து இல்லியே?"

"அபச்சாரம்! குளத்துக்கும் தாய்க்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

"அப்போ குளத்துத் தண்ணிய நான் பாதியாக் கொறைச்சா தாய்க்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

சித்தர் ஒருமுறை கரையை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் ஐந்நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. "நீ குளத்தையே குடிச்சுத் தீத்தாலும் தாய் நிக்க மாட்டா!" என்று முழங்கினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

"சரி, வெள்ளிக்கிழமை மத்தியானம் வாரேன். தாய் நிக்கலன்னா நானே உங்களுக்கு மாலை போடுதேன். நின்னுட்டா, கரைக்கு மண்ணு போட வழி விடணும். எல்லாரும் கேட்டியள்லா?"

எல்லாரும் கேட்டார்கள். சிவபாலனிடம் அனுமதி வாங்கி, டெல்பின் மதகைத் திறந்தாள். இரண்டு பம்பையும் ஓட்டி, பக்கத்தில் காலியாகக் கிடந்த இரண்டாவது குளத்துக்குத் தண்ணீரை மாற்றினாள். மூன்று நாளில் மட்டம் நாலடி இறங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம் கசிவு நூல் கனத்துக்கு வந்திருந்தது. டெல்பின் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால், கங்கை கொப்பளித்துக்கொண்டிருக்கிறாள்! முன்னைவிட வேகம், முன்னைவிடத் தெளிவு. பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள். "மானத்த வாங்கிட்டியேளா!"

சித்தர் குனிந்து கழுத்தைக் காட்டினார். "மாலை எங்க, மகளே?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. வழக்கம்போல முதல் தீர்த்தம் சுடலைமாடத்தியின் கையில் ஊற்றப்பட்டது. அவள் கண்ணை மூடி உறிஞ்சினாள். கண்ணைத் திறந்தாள்.

"தூ!"

கூட்டம் திடுக்கிட்டது. தீர்த்தத்தைத் துப்பலாமா?

"ரெண்டு டிகிரி!" என்றாள் சுடலைமாடத்தி. "ஏய்யா சாமி, இது போர்த் தண்ணிலா? நேத்து வரைக்கும் ஜீரோ டிகிரி. ஒரே ராத்திரியில காசியில உப்பளம் போட்டுட்டாவளா?"

சித்தர் சளைக்கவில்லை. "தாய் வார வழியில கடல்ல ஒரு முங்கு முங்கிட்டு வந்திருக்கா."

"முங்கிட்டு வந்தவ டியூப்லயா வாரா?" என்றாள் டெல்பின். போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. குழியின் ஓரத்து மணலைக் காலால் கிளறினாள். பச்சை டியூப் ஒன்று நெளிந்தது. அதை இழுத்துக்கொண்டே போனாள். கூட்டமும் பின்னாலேயே போனது. டியூப் உடைமரப் புதருக்குள் நுழைந்து, ஒரு தண்ணீர் லாரியின் வயிற்றில் முடிந்தது. டிரைவர் வேல்ராஜ் சீட்டில் உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருந்தார். ஆயிரம் பேரைப் பார்த்ததும் பரோட்டா பாதியில் நின்றது.

"சாமிதான் ஒரு லோடு கேட்டாவ" என்றார். "நல்ல தண்ணி கட்டுபடியாவாது, போர்த் தண்ணியே போதும்னுட்டாவ. இன்னும் அர டேங்க் கெடக்கு. மூடிரட்டுமா?"

மூடினார். கங்கை நின்றாள். குழியில் நாலு குமிழி வந்தது, பிறகு அதுவும் இல்லை. கஞ்சத்தனம் காட்டாமல் நல்ல தண்ணீர் லாரியைக் கூப்பிட்டிருந்தால் சித்தர் இன்றைக்கும் சித்தர்தான்.

பிலோமினாதான் மெல்லக் கேட்டாள்: "அப்போ... நேத்து வரைக்கும் நாம குடிச்சது?"

டெல்பின் கரைக்கு மேலே கையைக் காட்டினாள். முதலில் ஒருவர் குனிந்தார், பிறகு பத்துப் பேர். அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க வேண்டாம்; படிக்கிறவர்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர்கள் முதலில் சித்தரைத் தேடினார்கள். அவர் காவியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உப்புப் பாத்தி வரப்பில் ஓடிக்கொண்டிருந்தார். பிடித்துக் கொண்டுவந்தார்கள்; ஆனால் அடிக்கவில்லை. முதல் மணல் மூட்டையை அவர் தலையில் ஏற்றினார்கள். போலீஸ் வருவதற்குள் பதினெட்டு மூட்டை சுமந்துவிட்டார். வாழ்க்கையில் அவர் ஊருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

மற்ற மூட்டைகளை ஊரே சுமந்தது. அன்று ஜேசிபி முன்னால் படுத்த அதே இருநூறு பேர். சிவபாலன் சொல்லச் சொல்ல, கசிந்த இடத்தில் மணல், அதன்மேல் ஜல்லி, அதன்மேல் மூட்டை என்று நாலே நாளில் கரையடி கெட்டியானது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. இரண்டு குளமும் விளிம்பு வரை வந்தன. மூன்றாம் நாள் காலையில் டெல்பின் கரையடியில் ஒரு பாட்டில் பிடித்து, ஒரு மணி நேரம் குடையோடு காத்திருந்து பார்த்தாள். அடியில் வண்டல் இல்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மழையில் யாருக்குத் தெரியப் போகிறது என்று நன்றாக அழுதாள்.

மழை விட்ட மறுநாள், கடைக்காரர் பொன்னுதுரை கரையடியில் சூடம் கொளுத்த வந்தார். "என்ன இருந்தாலும் சித்தர் பாதம் பட்ட எடம்லா? அதான் கரை நின்னுட்டு" என்றார்.

சுடலைமாடத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணாச்சி, மூட்ட சொமந்த தோளு எனக்கு இன்னும் வலிக்கி. பாதம் பட்டாலே கரை நிக்கும்னா, அடுத்த மழைக்கு நாங்க வீட்டுல கெடந்து ஒறங்குதோம். நீங்க ஒத்தையில வந்து நின்னு மிதிங்க."

பொன்னுதுரை சூடத்தை மறுபடி பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். கரையில் கசிவு வந்தால் நகராட்சி வந்து அடைக்கும். புத்தியில் கசிவு வந்தால் அவரவர்தான் அடைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு டெண்டர் விடுகிற வழக்கம் எந்த நகராட்சியிலும் இல்லை.