குதிரை சுவர் ஏறாது

குதிரை சுவர் ஏறாது. யக்ஞநாராயணனின் பிரச்சினை அவ்வளவுதான்.

மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது சேலையூர் வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டரின் முன்னால் ஞாயிறு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். பழங்கால அரசுகள் ஒன்றையொன்று பிடிக்கும் போர் விளையாட்டு. அவருடைய பக்கம் பார்த்தியர்கள். பாரசீகத்தை ஆண்ட குதிரைவீரர்கள். திறந்த வெளியில் அவர்களை அசைக்க முடியாது. எதிரி நடந்து வருவான். இவர்கள் சுற்றிச் சுற்றி ஓடி அம்பு விடுவார்கள். ஓடும்போதே இடுப்பைத் திருப்பிப் பின்பக்கமும் விடுவார்கள். இப்படியே நாடு நாடாகப் பிடித்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டார். பாக்கியிருந்தது ஒரே ஒரு ரோமானியக் கோட்டை.

"ஏன்னா, நாலரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள போய்ச் சேரணும்," என்றாள் மனைவி பட்டு.

"நான் வரலைன்னு நேத்தே சொல்லிட்டேன்."

ஊரப்பாக்கத்தில் இருக்கும் அவள் தம்பியின் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். அந்தத் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் யக்ஞநாராயணனை முதல் பந்தியில் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வீட்டு மாப்பிள்ளை இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்; அதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு, செங்கல்பட்டு ஆபீசுக்கு ரயிலில் போகும்போதுகூட, ஊரப்பாக்கம் வந்தால் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

"தட்டு மாத்தறப்ப அத்தையும் அத்திம்பேரும் சேர்ந்து நிக்கணும்னு அபி ஆசைப்படறா. நான் ஒத்தையாப் போய் நின்னா குழந்தை முகம் வாடிப்போயிடும்."

"பாயசம் இல்லைன்னு சொன்னப்ப என் முகம் வாடலையா?"

பட்டு உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டு லாசரஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யோசனை சொல்லச் சலிக்காதவர்.

"இன்னா சார், இன்னும் அதே செவுருதானா? குதிரைங்க கணக்க ஏத்து சார். ரெண்டு பங்கா ஏத்து!"

ஏற்றினார். இந்த விளையாட்டில் ஒரு நுட்பம் உண்டு. குதிரைத் தீனியும் ஜனங்களின் தானியமும் ஒரே களஞ்சியத்திலிருந்துதான் போகும். குதிரை கூடக் கூட ஊர் பட்டினி கிடக்கும். கிடந்தது. பிடித்து வைத்திருந்த நாடுகளில் கலகம் மூண்டது.

கலகத்தை அடக்கப் பாதிக் குதிரைகளைத் திருப்பி அனுப்பினார். மிஞ்சியவற்றோடு, சுவரை இடிக்கும் வண்டி ஒன்றையும் செய்து சேர்த்து அனுப்பினார். அந்த வண்டி மாட்டு வேகத்தில் போகும். குதிரை குதிரை வேகத்தில் போகும். குதிரைகள் முதலில் போய்ச் சேர்ந்து, சுவரடியில் நின்று அம்பு பட்டுச் செத்தன. பிறகு வண்டி தன்னந்தனியாக, ஆற அமர வந்து சேர்ந்தது. ரோமானியர்கள் அதைக் கொளுத்தினார்கள்.

"இஞ்சின வுட்டுட்டுப் பொட்டி மட்டும் முன்னால போனா இப்டித்தான் ஆவும்," என்றார் லாசரஸ். "சுத்தி வளைச்சிகினு சும்மா குந்து சார். பசி வந்தா அவனே கதவத் தொறப்பான்."

வளைத்தார். உள்ளே கிணறும் களஞ்சியமும் இருந்தன. பசி வெளியே இருந்த குதிரைகளுக்குத்தான் வந்தது.

பட்டு வத்தக்குழம்பு சாதத்தையும் சுட்ட அப்பளத்தையும் தட்டில் வைத்து அங்கேயே கொண்டுவந்து கொடுத்தாள். முதல் தடவையாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவன் ஏன் வெளியிலேயே வரமாட்டேங்கறான்?"

"அவன் எதுக்கு வரணும்? உக்காந்த இடத்துல எல்லாம் கிடைக்கறது," என்றார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"ஆமாம், கிடைக்கறது," என்றாள் பட்டு. "இந்தக் குதிரைகளுக்கு எதுதான் நன்னா வரும்?"

"ஓடறது. அதுல இவாளை மிஞ்ச ஆளில்லை. ஆனா ஓடினா கோட்டை விழுமா? முட்டித்தான் ஆகணும்."

பட்டு திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காலித்தட்டை எடுத்துக்கொண்டாள். "சரி, நீங்க வர வேண்டாம். இனிமே நான் கேக்கவும் மாட்டேன்."

"ஜெயிச்சிட்டீங்க சார்!" என்று லாசரஸ் கை கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். யக்ஞநாராயணனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

மத்தியானக் காப்பி வருகிற வேளை தாண்டும் வரையில்.

குரல் கொடுத்தார். பதில் இல்லை. சமையலறைக்குப் போய்ப் பார்த்தார். பால் இருந்தது. பட்டு இல்லை. டிகாக்‌ஷனோடு இருக்கவேண்டிய பித்தளை ஃபில்டரையும் காணவில்லை. ஹோட்டல் காப்பியை வாயில் வைக்காத மனிதருக்கு அந்த ஃபில்டர்தான் மூச்சு.

"அம்மா ஃபில்டரத் தூக்கிகினு போவுதே சார்!" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து லாசரஸ் கத்தினார். "அதோ, பஸ் ஸ்டாப்புல!"

கேம்ப் ரோட்டில் கடுகு நிறப் புடவை தெரிந்தது. "ஃபில்டரை எதுக்குடீ எடுத்துண்டு போறே?" என்று அவர் கத்த, பட்டு திரும்பிப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டை லாசரஸ் பொறுப்பில் விட்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை உதைத்தார். தாம்பரம் ஸ்டேஷனில் அவர் வண்டியை நிறுத்தும்போது, அவள் மேம்பாலத்தின் உச்சியில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினாள். 'பயந்துட்டா' என்று நினைத்து இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

அவள் ஏறியது பெண்கள் பெட்டி. அவர் பக்கத்துப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். பெருங்களத்தூரில் இறங்கி ஓடி, பெண்கள் பெட்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார்.

"யாருய்யா நீ? இன்னா வோணும்?" என்று ஒரு பூக்காரி எழுந்தாள்.

"ஃபில்டர்!"

"போலீசக் கூப்புடும்மா யாராச்சும்!"

ரயில் நகர, ஓடிப்போய்ப் பழைய பெட்டியிலேயே ஏறிக்கொண்டார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கவில்லை. படியில் தொங்கியபடி முன் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்ததில், எந்த ஊரில் அவளைத் தொடர்ந்து இறங்கினோம் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மனைக்கற்களுக்கு நடுவே மண்பாதை. அவர் மூச்சு வாங்க நின்றால், அவளும் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி நின்றாள். அவர் நடந்தால் நடந்தாள். திருப்பத்தில் திரும்பினார். எதிரே வாழைமரம் கட்டிய பந்தல்.

இடப்பக்கமிருந்து மச்சினன் வந்தார். வலப்பக்கமிருந்து மாமிகள். பின்னால் மாப்பிள்ளை வீட்டாரின் வேன் வந்து பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

"வாங்கோ அத்திம்பேர்! அன்னிக்கு நடந்தது எங்க தப்பு," என்று மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டு, விளிம்பு வரை பாயசம் நிரம்பிய டம்ளரை நீட்டினார்.

அபி வந்து காலில் விழுந்தாள். சைக்கிள் செயின் எப்படிச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று அவர் தரையில் படம் போட்டு விளக்கியபோது, வாயைப் பிளந்து கேட்ட குழந்தை. பட்டுப்புடவையில் அடையாளமே தெரியவில்லை. எவ்வளவு நாளாக எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்திருக்கிறோம் என்று முதல் தடவையாக யோசித்தார். அவள் தலையில் கையை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

தட்டு மாற்றினார்கள். அத்தையும் அத்திம்பேரும் சேர்ந்தே நின்றார்கள்.

எல்லாம் முடிந்ததும் பட்டு அதே டிகாக்‌ஷனில் காப்பி கலந்து கொடுத்துவிட்டு, மாமிகளோடு போய் உட்கார்ந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அபியிடம் குனிந்தார்.

"உங்க அத்தைக்கு என்னடி ஆச்சு? ஃபில்டரைத் தூக்கிண்டு ஊர் ஊரா ஓடறா!"

"மத்தியானமே போன்ல சொல்லிட்டா அத்திம்பேர்," என்றாள் அபி. "கோட்டையில போய் முட்டக் கூடாதாம். உள்ள இருக்கறவருக்கு வேண்டியதை எடுத்துண்டு, அவர் கண்ணுல படற தூரத்துலேயே ஓடிண்டிருந்தா, அவரே கதவைத் திறந்துண்டு வந்துடுவாராம்."