தடுப்பு விடுப்பு

குளிர்காலம் வந்தால் குழந்தைகள் இருமும். நெடுங்கால ஆய்வுக்குப் பின் சுகாதாரத் துறை இந்த உண்மையை ஏற்றுக்கொண்டு, அதற்கென ஒரு வரைபடமும் ஒதுக்கியிருந்தது. வாரத்துக்கு எத்தனை பிள்ளைகள் இருமினார்கள் என்று அதில் ஒரு சிவப்புக் கோடு சொல்லும். கோடு ஏறினால் மருந்து வரும். இறங்கினால் பாராட்டு வரும்.

அந்தக் கோட்டை ஏற்றி இறக்கியவள், மாவட்டத்துக்கே ஒன்றாக இருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பதிவு மேஜையில் இருந்த ஒருத்தி. எல்லோரும் பதிவக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருமி வரும் பிள்ளை ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். கடவுச்சொல் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்; தலை நிமிர நேரம் இருக்காது.

ஒரு குளிர்காலத்தில் அவள் மகளுக்கே நெஞ்சு கட்டிக்கொண்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் லீவு வாங்கி, மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் இருந்த சிவப்புக் கோடு தொபுக்கடீர் என்று பூஜ்யத்தில் விழுந்தது.

திங்கட்கிழமை துறை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனாள்.

“போன வாரம் என்னம்மா பண்ணீங்க?”

“லீவுல இருந்தேன் சார்.”

“இருந்து?”

“ஒண்ணும் பண்ணல சார்.”

“ஒண்ணுமே பண்ணாம ஒரு மாவட்டத்து இருமலையே நிறுத்தியிருக்கீங்க. நான் இருபது வருஷமா ஒண்ணும் பண்ணாம இருக்கேன், எனக்கு நிக்கலையே.”

“இல்ல சார், ஏத்தறதுக்கு ஆள் இல்ல, அதான்...”

“அதையேதாம்மா நானும் சொல்றேன். நீங்க இருந்தா இருமல் இருக்கு. இல்லன்னா இல்ல.”

கூட வந்திருந்த டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்த வாரம் நானே நானூறு பிள்ளைகளைப் பார்த்தேன். இருமினதை என் காதால கேட்டேன்.”

“காது, துறை அங்கீகரிச்ச கருவி இல்ல டாக்டர்.”

ஆனாலும் துறை எதையும் அவசரப்பட்டு நம்பிவிடாது. அறிவியல் முறைப்படி பதிவக்காவை ஒரு வாரம் வரச் சொன்னார்கள்: நானூறு. மறுவாரம் வராதே என்றார்கள்: பூஜ்யம். மறுபடி வந்தாள்: நானூற்று ஐந்து. அதோடு ஆணை பிறந்தது. ‘மேற்படி ஊழியர், பொதுநலன் கருதி, மறு உத்தரவு வரும்வரை முழுச் சம்பளத்துடன் தடுப்பு விடுப்பில் வைக்கப்படுகிறார்.’ பேப்பரில் அவள் படம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கேடயம் வந்தது. உள்ளதைச் சொன்னால், பதிவக்காவும் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டாள். பெற்ற பிள்ளையோடு வீட்டில் இருப்பது யாருக்குக் கசக்கும்?

அடுத்த மாதமே மகளுக்கு மறுபடி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு தன் ஆஸ்பத்திரிக்கே ஓடினாள். டாக்டர் மருந்து அலமாரியைத் திறந்தார். உள்ளே கேடயம் மட்டும் இருந்தது.

“இருமலே இல்லாத மாவட்டத்துக்கு எதுக்கு மருந்துன்னு நிறுத்திட்டாங்க. நீங்க ஏத்தினா நாளைக்கே வண்டி வரும்” என்றார்.

ஏற்றினால் லீவு போகும், கேடயம் போகும், வேலையே போனாலும் போகும். மகளின் நெஞ்சு விசில் அடித்தது. பதிவக்கா மேஜையில் உட்கார்ந்து மகள் பெயரை ஏற்றினாள். ஒன்று.

பிறகு வரிசையில் நின்ற தாய்மார்களைக் கூப்பிட்டாள். “வாங்கம்மா, உங்க பிள்ளைங்களையும் ஏத்திடறேன். எல்லாருக்கும் மருந்து வரும்.”

யாரும் அசையவில்லை. முன்னால் நின்றவள், இடுப்பில் இருந்த பிள்ளையைத் துண்டால் மூடிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

“வேணாம்க்கா. நீங்க உட்கார்ந்தா இருமல் வரும்னு பேப்பர்லயே போட்டிருந்தான். என் பிள்ளை நல்லாத்தான் இருக்கான். சும்மா டாக்டர்கிட்ட காட்டிட்டுப் போக வந்தேன்.”

துண்டுக்குள்ளிருந்து லொக் லொக் என்று சத்தம் வந்தது.

“பாருங்க,” என்றாள் அவள், “நீங்க கேட்டதுக்கே வந்துடுச்சு.”