நாற்பத்தொரு பில்லும் பங்குதாரரின் கையெழுத்தும்

மதிப்புக்குரிய மைத்துனர், ஆடிட்டர் அவர்களுக்கு,

தங்கள் அத்தான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வீட்டில் ஒரு ஆள் குறைவு. அங்கே தாங்கள் குடும்பத்துடன் நலமாக இருப்பீர்கள், ஒரு ஆள் கூடுதல். தாங்கள் என்னைவிட ஒன்பது வயது இளையவர் என்றாலும், இது வரி சம்பந்தப்பட்ட கடிதம் என்பதால் மரியாதையோடே எழுதுகிறேன். தங்கள் அக்கா அங்கே வந்து இன்றோடு பதினோரு நாள். அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் சமையலறையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பாள். எப்படியானாலும் என் பக்கம் வரிசையாகக் கீழே உள்ளது. வருகிற வியாழக்கிழமைக்குள் அவளுடைய கையெழுத்து எனக்கு நாற்பத்தொரு இடத்தில் வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் நானும் அவளும் ஆளுக்குப் பாதி என்று பத்திரம் எழுதி, நாலு வீடு உள்ள பழைய கட்டடம் ஒன்றை வாங்கியது தங்களுக்குத் தெரியும். தாங்கள் சொல்லித்தான் வாங்கினோம். அடுத்ததாக இன்னொரு கட்டடமும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் தாங்கள் போனில், "அத்தான், இனிமே நீங்க முதலீட்டாளர். தொழில் பேசிக்கிட்டே சாப்பிட்டா அந்தச் சாப்பாட்டுல பாதியைச் செலவாக் காட்டலாம். தனியா சாப்பிட்டா கிடையாது. யாரோட சாப்பிட்டீங்க, என்ன பேசினீங்கன்னு பில்லுக்குப் பின்னாடி அன்னன்னிக்கே எழுதி வச்சிடுங்க. பேசாததை மட்டும் எழுதிடாதீங்க" என்றீர்கள். மச்சான், நான் முப்பத்துமூன்று வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவன். என் கிடங்கிலிருந்து ஒரு ஆணி வெளியே போனாலும் அதற்கு ஒரு சீட்டு இருக்கும். அப்படிப்பட்டவனிடம் இதைச் சொல்லலாமா? அன்று சாயங்காலமே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து, பில் போட்டு வைக்கத் தயார் செய்துவிட்டேன்.

முதலில் வீட்டுத் தரகரைத்தான் சாப்பிடக் கூப்பிட்டேன். ஒருத்தரைக் கூப்பிட்டால் நாலு பேர் வந்தார்கள். நாலாவது ஆள் யார் என்று தரகருக்கே தெரியவில்லை, வண்டி நிறுத்தும் இடத்தில் பழக்கமாம். நாலு பேரும் மூக்கு முட்டச் சாப்பிட்டார்கள். நான் புதுக் கட்டடத்தைப் பற்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் தரகர் தன்னுடைய பித்தப்பை ஆபரேஷனுக்கே போய்விடுவார். எடுத்த கல்லைக்கூட போனில் காட்டினார். பேசாததை எழுதக் கூடாது என்பதால் பில்லின் பின்னால் "பித்தப்பைக் கல், மூன்று" என்று எழுதினேன். அதைத் தங்கள் ஆபீஸ் பெண் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினாள். அடுத்து பிளம்பர். மூன்றாம் மாடியில் குழாய் ஒழுகுகிறது, சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்துவிடலாம் என்று கூட்டிப்போனேன். கை கழுவப் போன மனுஷர் அரை மணி நேரம் ஆளையே காணோம். அந்த ஓட்டலில் கை கழுவுகிற இடமும் ஒழுகியிருக்கிறது. அங்கேயே வேலையைப் பேசி, முன்பணமும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நம்ம வீட்டுக் குழாய் அதுக்கப்புறம் மூணு வாரம் ஒழுகிச்சு. பிறகு இரண்டாம் மாடியில் குடியிருக்கிற தையல்காரம்மா. வாடகையை ஏற்ற வேண்டும், வீட்டில் வைத்துக் கேட்டால் சங்கடம், நாலு பேர் இருக்கிற இடத்தில் கேட்போம் என்று கூட்டிப்போனேன். அந்தம்மா நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே வீட்டில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, காபி வருவதற்குள் நான் வாடகையைக் குறைத்துவிட்டேன். அது தொழில் பேச்சுதான் என்பதால் அந்த பில் மட்டும் செல்லுபடி ஆயிற்று.

அதற்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. பாதி பங்குக்காரி வீட்டிலேயே இருக்கும்போது ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஏன் சோறு போட வேண்டும்? சனிக்கிழமை தோறும் தங்கள் அக்காவை அழைத்துப்போக ஆரம்பித்தேன். கல்லாவுக்குப் பக்கத்து மூலை மேஜை, மின்விசிறிக்கு நேர் கீழே. அங்கே உட்கார்ந்தால் பில் உடனே கிடைக்கும், ஆனால் பறந்துவிடும், கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதிதான் செலவாகக் காட்டலாம் என்று தாங்கள் சொன்னீர்கள் அல்லவா, எந்தப் பாதி என்று சொல்லவில்லை. நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். சாப்பாட்டில் முன்பாதி தொழில், பின்பாதி சொந்தம். முன்பாதியில் அவள் வேறு பேச்சை எடுத்தால், "இரு, அது அடுத்த பாதியில" என்று நிறுத்திவிடுவேன். இதில் ஒரு சிறு குறை, குழாய் விஷயம் எப்போதும் பின்பாதிக்கும் நீண்டுவிடும். அதுக்குள்ள வெயிட்டர் தட்டை எடுக்க வந்துடுவான். அப்படியே எழுந்து வந்துவிடுவோம்.

இது எல்லாம் எதற்காக என்று தங்கள் அக்காவுக்கு ஆரம்பத்தில் தெரியாது. நான் மறைக்கவில்லை, அவள் கேட்கவில்லை. கல்யாண நாளன்றுகூட வெளியே சாப்பிடக் கூட்டிப்போகாத மனுஷன் இப்போது வாராவாரம் கூட்டிப்போகிறானே என்று அவளாக எதையோ நினைத்துக்கொண்டாள். புதுச் செருப்பு வாங்கினாள். சனிக்கிழமை காலையிலேயே தலைக்குக் குளித்துவிடுவாள். "ஒவ்வொரு பில்லையும் பத்திரமா எடுத்து வைக்கிறார், பின்னாடி ஏதோ எழுதுறார், கேட்டா சொல்ல மாட்டேங்கிறார்" என்று தையல்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்தம்மா என்னிடம் வந்து, "சார், நீங்க இவ்வளவு ஆசையானவர்னு தெரியாமப் போச்சே" என்றாள். வாடகை ரசீதைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன மாதம் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சாப்பாட்டுச் செலவு அதிகமாகத் தெரிகிறதாம், உடன் சாப்பிட்ட பங்குதாரரின் கையெழுத்தோடு ஒவ்வொரு பில்லையும் வருகிற வியாழக்கிழமைக்குள் நேரில் காட்ட வேண்டுமாம். நான் டப்பாவைத் திறந்து நாற்பத்தொரு பில்லையும் மேஜையில் பரப்பி, அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். அதில் ஒரு விஷயம் நடந்துபோயிருந்தது. இந்தக் காலத்து பில்லில் மை மூணு மாசம்கூட நிற்பதில்லை. முன்பக்கம் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது. பின்பக்கம் என் எழுத்து மட்டும் அச்சு மாதிரி நின்றது. "உடன் உண்டவர்: பங்குதாரர், ஐம்பது சதவீதம். பேசியது: மூன்றாம் மாடிக் குழாய்." அடுத்தது, "பங்குதாரர், ஐம்பது சதவீதம். மாடிப்படி பல்பு." அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். படிக்கச் சொல்லவில்லை மச்சான், கையெழுத்துப் போடத்தான் சொன்னேன்.

இருபத்தேழாவது பில்லை எடுத்ததும் அவள் நிறுத்தினாள். அது ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சாப்பிடப் போன நாள். அவள் கழுத்தில் இருந்த கட்டிக்கு இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று பிறகு வந்துவிட்டது, அது உங்களுக்கும் தெரியும். அந்த பில்லில் "மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, மூடி மாற்றுவது" என்று இருந்தது. "அன்னிக்கு நான் உங்ககிட்ட என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். "தொட்டி மூடி" என்றேன். பில்லில் இருப்பதைத்தானே சொல்ல முடியும்? அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். ஒரு பையில் நாலு துணி எடுத்து வைத்துக்கொண்டாள். சண்டை போடவில்லை, கதவை அறைந்து சாத்தக்கூட இல்லை. "ஃப்ரிட்ஜ்ல பால் இருக்கு, காய்ச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஆக, யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. நான் எழுதியதில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொரு பில்லும் அன்றன்றைக்கு எழுதியது, பேசியதை மட்டுமே எழுதியது. எந்த அதிகாரி முன்னாலும் நிமிர்ந்து நின்று இதைச் சொல்வேன். நாற்பத்தொன்றையும் தேதி வாரியாக இத்துடன் வைத்துள்ளேன். உங்க அக்கா நல்ல மனநிலையில இருக்கிற நேரமாப் பார்த்து, எதையும் படிக்க விடாம, கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பிடுங்க. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. பால் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. சாப்பாட்டுக்கு அதே ஓட்டல்தான். தனியாகச் சாப்பிடுவதால் பில் வாங்குவதில்லை.

தங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், சொந்தக்காரர்களுக்குப் போனில் யோசனை சொல்லாமல் நீடூழி வாழ என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்,
ஐம்பது சதவீதம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பில்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழாவது கையில் வந்தது. மச்சான், அது பொய். அன்னிக்கு நாங்க தொட்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. முன்பாதி, பின்பாதி எதுவும் கிடையாது. அவள் உட்கார்ந்ததும், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ரெண்டு பேரும் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தோம். வெயிட்டர் பில்லைக் கொண்டுவந்து வைத்தான், என் கையில் பேனா இருந்தது, நிமிர்ந்தால் என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று குனிந்து எதையோ எழுத ஆரம்பித்தேன். தொட்டின்னு வந்துடுச்சு. முப்பத்துமூன்று வருட சர்வீஸில் இப்படி ஒரு சீட்டு நான் எழுதியதில்லை. ஒன்று பொய்யென்றால் கட்டு முழுவதும் செல்லாது, அதனால் நாற்பத்தொன்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வரி எவ்வளவோ அதைக் கட்டிவிடுகிறேன். கையெழுத்து வேண்டாம். மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை அவளிடம் காட்டலாம். தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும் என்பதால் நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அங்கே இருப்பேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.