எஞ்சின் சக்கரத்தடியில் சுண்டங்காய்

பயம் வந்துவிட்டால், பிள்ளை பெற்றவனுக்குக் கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது. எனக்கு அறவே தெரியாது. நான் பசறையில் பள்ளிக்கூட வாத்தியார். (படிப்பு பயத்தைப் போக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனும் நானே.)

என் மகள் தர்ஷினி உயர்தர வகுப்பில் படித்தபோது ஒரு ரயில் எஞ்சின் செய்தாள். மலைநாட்டுப் பாதையில் ஒரு காலத்தில் ஓடிய கராட் வகை நீராவி எஞ்சினின் மாதிரி. நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் தனித்தனிச் சக்கரத் தொகுதி. வளைவில் உடம்பை மடித்துத் திரும்பும். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும்படி, ஒரு சாண் நீளத்துக்குச் செய்திருந்தாள். தெமோதரையில் ரயில் ஸ்டேஷனுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே ஸ்டேஷனுக்கு வந்து சேரும் ரயில் பாதை உண்டே, அதையும் பலகையில் கட்டியிருந்தாள். பதுளையில் மாகாணக் கண்காட்சி. அங்கே ஓடினால்தான் கொழும்புப் போட்டிக்குப் போகலாம்.

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் சைக்கிள்கூட உருண்டதில்லை. இந்த எஞ்சினுக்கு மட்டும் பூசை இல்லாமலா? ஆனால் எலுமிச்சம்பழத்தை முன்னால் வைத்தால் அதற்கு அது நமுனுகுல மலை. யோசித்து, வேலியோரச் செடியில் சுண்டங்காய் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். (என் வாழ்நாளில் அளவு பார்த்துச் செய்த ஒரே காரியம்.)

மண்டபத்தில் அவள் முகம் கழுவப் போன நேரம் பார்த்து, எஞ்சின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தேன். தண்டவாளத்துக்கும் தாராளமாகப் பூசினேன். சக்கரத்தடியில் சுண்டங்காய் வைத்து, எஞ்சினை விரலால் தள்ளி நசுக்கினேன். மனம் குளிர்ந்தது.

நடுவர்கள் வந்தார்கள். தர்ஷினி சுவிட்சைப் போட்டாள். எஞ்சின் ஒரு உதறல் உதறிவிட்டு நின்றது. மறுபடி போட்டாள். அந்த உதறலும் இல்லை.

குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, சந்தனமா?"

"கொஞ்சம்தாம்மா."

"இது என்ன வெத?"

"சுண்டங்கா..."

மூத்த நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "கறி ஆக்குற போட்டி இங்க இல்லீங்களே," என்றார்.

சந்தனம் மின்சாரத்தை மறித்திருந்தது. விதைகள் பல்சக்கரத்துக்குள் புகுந்திருந்தன. நான் நாற்காலி தேடினேன். கிடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கொண்டை ஊசியைக் கழற்றி விதைகளைக் கிண்டியபடி பேசத் தொடங்கினாள்.

"நெசமான எஞ்சினும் இந்த ஏத்தத்துல நின்னிருக்குங்க சேர். மழையில, எல விழுந்த தண்டவாளத்துல சக்கரம் சும்மா சுத்தும். அதுக்குத்தான் எஞ்சின்ல மணல் பெட்டி வச்சாங்க. சக்கரத்துக்கு முன்னால மணல் விழுந்தா பிடிச்சுக்கிட்டு ஏறும். அப்பவும் ஏறாட்டி பின்னால இன்னொரு எஞ்சினப் போட்டுத் தள்ளுவாங்க. ரெண்டு எஞ்சின் வேலைய ஒண்ணா செய்யத்தான் இந்தக் கராட் வந்துச்சு." கைக்குட்டையால் தண்டவாளத்தைத் துடைத்தாள். "ஆனா கொழம்புக்குப் போடுறத முன்னால போட்டா, அதாலயும் முடியாதுங்க."

மண்டபமே சிரித்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். எஞ்சின் சுரங்கத்தில் நுழைந்தது (என் உயிரும் கூடவே போனது), வளைந்து, முக்கி முனகி ஏறி, ஸ்டேஷனில் வந்து நின்றது. நெற்றியில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. அதை மட்டும் அவள் துடைக்கவில்லை.

கொழும்புக்கும் அது பொட்டோடுதான் போனது. என் சட்டைப்பையைத் துழாவிப் பார்த்த பிறகே எஞ்சின் வைத்த பெட்டியை என் கையில் கொடுத்தாள். இன்றும் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் என் மனைவி என்னைத்தான் கேட்பாள்: "பூச ஏதும் பண்ணீங்களா?"

தர்ஷினி இப்போது பொறியியல் படிக்கிறாள். ரயில் பணிமனையில் பயிற்சி கிடைத்ததும் போன வாரம் ஃபோனில் அழைத்தாள். பெருமையோடு பயமும் வந்து, கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

"அப்பா, இனி நெசமான எஞ்சின்ல கை வைக்கப் போறேன். சுண்டங்கா பத்தாது. பூசணிக்காயா பாத்து வைங்க."

பார்த்து வைத்திருக்கிறேன்.