ஆமென் வருவதற்குள்

கண்ணை மூடி நமக்காக ஜெபித்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம், "சார், உங்க கார் சாவி எங்கே?" என்று எப்போது கேட்பது? நடுவிலேயா, ஆமென் சொன்ன பிறகா? அந்தச் சனிக்கிழமை கீழ் வீட்டுப் பரிதாவுக்கு விடை தெரியவில்லை.

'ஜெபிச்சுக்கிறேன்' மனிதர் என்று ஓர் இனம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை, மணி அடிக்கும் சபையிலும் டிரம்ஸ் அடிக்கும் சபையிலும் இவரைப் பார்க்கலாம். வேலை போய்விட்டது என்று சொல்லுங்கள், ஜெபிச்சுக்கிறேன் என்பார். வீடு மாற்றுகிறோம், பீரோவுக்கு ஒரு கை பிடியுங்கள் என்று கேளுங்கள், இரண்டு கையையும் கூப்பி ஜெபிச்சுக்கிறேன் என்பார். உங்கள் பெயரை, ஊரை, வியாதியை, வியாதி வந்த தேதியை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ஏமாற்றுகிறாரா? அதுதான் இல்லை. உண்மையாகவே ஜெபிப்பார். சிக்கலே அங்கேதான்.

அனகாபுத்தூர் முனிரத்தினம் சார் இந்த இனத்தில் முதல் தரம். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. 'இயேசு ஜீவிக்கிறார்' என்று பின்கண்ணாடியில் ஒட்டிய வெள்ளை கார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்வரும். மற்ற ஆறு நாளும் உறை போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சார் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுப் பரிதா. பின்னால் அவள் மகள் சாஹிரா, கையில் ஹால்டிக்கெட்.

"சார், இவளுக்கு இன்னிக்கு நர்சிங் நுழைவுத் தேர்வு, குரோம்பேட்டைல. எட்டே முக்காலுக்கு கேட்டை மூடிடுவாங்க. ராத்திரி மழைல தெருவெல்லாம் தண்ணின்னு மூணு ஆட்டோ கேன்சல் பண்ணிட்டான். இவ அப்பாவும் ஊர்ல இல்ல. நீங்க கொஞ்சம்..."

"ஒண்ணும் கவலைப்படாதீங்கம்மா. ஜெபிச்சுடலாம்."

"அது சரி சார், ஆனா வண்டி..."

சாரின் கண்கள் மூடிவிட்டன.

மூடிய கண்ணோடு யார் பேசுவது? பரிதா முக்காட்டை இழுத்துவிட்டு, தன் வழக்கப்படி இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்தி நின்றாள். முனிரத்தினம் சாரின் ஜெபத்துக்கு ஒரு பாதை உண்டு. முதலில் நேற்றைய நாளுக்கு நன்றி, பிறகு இன்றைய காற்றுக்கு, தண்ணீருக்கு, (தெருவில் நின்றதையும் சேர்த்துத்தான்) பிறகு குடும்பம், சபை, போதகர், போதகரின் முழங்கால் வலி, தேசத் தலைவர்கள், எல்லையில் நிற்கும் வீரர்கள். கேட்க வந்தவரின் விஷயம் கடைசி நிறுத்தம். எட்டே கால் ஆனபோது ஜெபம் இன்னும் போதகரின் முழங்காலில்தான் இருந்தது.

"அம்மா, மணி," என்றாள் சாஹிரா, அழுகையை அடக்கிக்கொண்டு.

அடுப்படியிலிருந்து தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள் சாரின் மனைவி தீபா. கணவரைப் பார்த்தாள், ஹால்டிக்கெட்டைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, சத்தம் போடாதீங்க" என்று கையைக் காட்டிவிட்டு, நைட்டிமேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

முனிரத்தினம் சார் அப்போது எல்லை வீரர்களிடம் வந்திருந்தார். கீழே ஒரு வண்டி உறுமியது. நல்ல ஜெபத்தைக் கலைக்கச் சாத்தான் இப்படித்தான் ஏதாவது சத்தம் எழுப்புவான் என்பது சாரின் நெடுநாள் அனுபவம். விடுவாரா? குரலை உயர்த்தினார். "இந்தத் தடையைக் கடிந்துகொள்ளுகிறோம் ஆண்டவரே! இந்தச் சத்தம் எங்களைவிட்டு விலகிப் போகட்டும்!"

சத்தம் விலகிப் போயிற்று. பம்மல் பக்கமாக.

உடனே கிடைத்த பதிலில் உருகிப்போய் இன்னும் அரை மணி நேரம் ஜெபித்தார். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் வாசலில் யாரும் இல்லை. தீபாவைக் கூப்பிட்டார், வீட்டிலும் இல்லை. போன் போட்டார்.

"எங்கே இருக்கே?"

"குரோம்பேட்டைல. இப்பதான் கேட்டை மூடினாங்க."

"ஐயோ! அந்தப் பிள்ளை?"

"உள்ளே போயிட்டா. கடைசி ஆள்."

"ஸ்தோத்திரம்! எப்படிப் போனா?"

"கார்ல."

"யார் கார்ல?"

தீபா சொன்னாள்: "மாவு இருக்கு. தோசை நீங்களே ஊத்திக்கோங்க. அதுக்கும் கண்ணை மூடிக்கிட்டு நிக்காதீங்க."

மறுநாள் ஆலயத்தில் சாட்சி நேரம். முனிரத்தினம் சார் எழுந்தார். "நேற்று ஒரு ஏழைப் பிள்ளைக்காகக் கண்ணீரோடு ஜெபித்தேன். கண்ணைத் திறப்பதற்குள் கர்த்தர் ஒரு காரை அனுப்பிவிட்டார்!" சபை அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கத்தில், "எந்தக் கார், அக்கா?" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். "ஆறு நாள் உறைக்குள்ள தூங்குற கார்," என்றாள் தீபா. சார் உட்கார்ந்தார். கைதட்டல் அடங்கிய பிறகுதான் அவருக்கு நெஞ்சில் லேசாக உறுத்தியது. கர்த்தர் அனுப்பினார், சரி. யாரைக் கேட்டு அனுப்பினார்? முதலில் தன்னிடம்தானே வந்து கேட்டார்? காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டி?

இதை வாசிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த யாருடைய முகமாவது நினைவுக்கு வந்திருக்கும். தயவுசெய்து அவருக்கு இந்தக் கதையை அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: உங்களுக்கு இதை அனுப்பியவர் யாருடைய முகத்தை நினைத்து அனுப்பினார்?