ஒளியார் படித்த இடது கண்

ஒளியார் கண்ணைப் பார்த்தால் போதுமாம், நோயின் வேர் வரை தெரியுமாம்! அவர் மண்டப வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. புற்றுநோய்க்காரர்கள், புரை விழுந்தவர்கள், வெறும் தலைவலிக்காரர்கள். நடுவில், கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓர் அறிவாளி. வேறு யார், நான்தான்.

நான் நோய்க்குறியியல் மருத்துவன். கண்ணில் வளரும் கட்டிகளை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது பிழைப்பு. மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையேறித் தொண்டை கிழியப் பேசியவன் வேறு. அப்படிப்பட்டவனின் மனைவிக்கே கண்ணில் மெலனோமா என்ற புற்றுநோய் வந்தது. கட்டியின் ஓரத்தில் நிணநீர் நாளங்கள், அதாவது நிணநீர் ஓடும் நுண்குழாய்கள், தெரிந்தன. விழிக்குள் அவை இருக்கவே கூடாது. கட்டி விழிச்சுவரைத் தாண்டினால் அவை வெளியிலிருந்து உள்ளே முளைக்கும். முளைத்தால் நோய் பரவும் ஆபத்து அதிகம். இதை மற்றவர்களுக்கு எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக்கு வந்ததும் படிப்பெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது.

அன்று மதியம் அவளுக்குக் கல்லீரல் ஸ்கேன்; இந்த நோய் முதலில் பரவுவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கு முன் இங்கே ஓர் எட்டு வா என்று கெஞ்சினேன்.

"வரேன். ஆனா நீங்க வாயத் திறக்கக் கூடாது" என்றாள்.

அவள் சற்றுத் தள்ளி நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் ஒரு தொண்டர் தண்ணீர் கொடுத்து, பரிவாகக் கேட்டார்: "யாருக்கு சார் உடம்பு சரியில்ல?"

"வீட்டம்மாவுக்கு. இடது கண்ணு. மெலனோமா. நிணநீர் நாளம் வேற முளைச்சிருக்கு..." கொட்டித் தீர்த்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கண்ணை எடுத்தாகிவிட்டது. அங்கே இருப்பது செயற்கைக் கண். மறைக்க நினைக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் கண் என்றாலே எடுத்த கண்தான். எடுக்காத கண் எங்கள் மேசைக்கு வருவதே இல்லை, அதனால் தனியாகச் சொல்லும் வழக்கமும் இல்லை. தொண்டர் உள்ளே போனார்.

எங்கள் முறை வந்ததும் ஒளியார் அவள் முகத்தில் டார்ச்சை அடித்தார். "இடது கண்ணுதானேம்மா?"

கூட்டம் 'ஆ' என்றது. நானும்தான். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"நிணநீர் நாளம் உள்ள வேர் விட்டிருக்கு. இரு, காய வைக்கிறேன்." கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். "காயுது... காயுது..."

"நல்லா பாத்துச் சொல்லுங்க ஐயா. இந்தக் கண்ணுலயா?" என்றாள் மனைவி.

"இதுலதான். வேர் சுருங்குது பாரு! இனிமே ஸ்கேனே எடுக்காத. எடுத்தா மறுபடியும் துளிர்த்திடும்."

ஸ்கேனை ரத்துசெய்ய நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். என்னைப் போன்ற மேதை உலகத்தில் உண்டா?

அவள் கீழிமையை விரலால் அழுத்தினாள். செயற்கைக் கண் வெளியே வந்தது. அதை ஒளியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கிட்ட வெச்சுப் பாருங்க. பெயின்ட்ல வரைஞ்ச நரம்பு. சுருங்குதா?"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "தண்ணி குடுத்தவர் கிட்ட நீங்க என்னென்ன சொன்னீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

"செயற்கைக் கண்ணுலயே நோயைக் காய வெச்சாரே!" என்று ஒருவர் கும்பிட்டார்.

"சும்மா இருய்யா! எங்கிட்டயும்தான் கேட்டான்" என்று ஓர் அம்மா தொண்டரின் சட்டையைப் பிடித்தார். ஒளியார் டார்ச்சை அணைத்துவிட்டுப் பின்கதவைத் தேடினார்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் கேட்டேன். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நிணநீர் நாளம்னு உங்க பாஷையில பேசினாரே, அப்பவே தெரிஞ்சுது நீங்க வாயத் திறந்தது. சரி, அந்த நாளம் என்னப் பத்தி என்ன சொல்லுது?"

"உன்னப் பத்தித் தனியா ஒண்ணும் சொல்லாது. இந்த மாதிரி பல பேருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லும். அதனாலதான் விடாம ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? பயந்துக்கிட்டே யோசிக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

அவளோடு ஸ்கேன் அறைக்கு நடந்தேன். இன்னும் அந்த மாதிரி வரிசைகளில் நிற்கிறீர்களே, அவள் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?