எதிரிக்கு மூளை வந்த ஞாயிற்றுக்கிழமை

அநியாயம் நடந்தது மனைவிக்கு. செய்தவன் கணவன். செய்த கருவி, அரசர் காலத்துப் போர்களை ஆடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு.

எந்த டிரைவர், எந்த வண்டி, எத்தனை மணி என்று பஸ் டெப்போவில் பட்டியல் போடுகிறவள் அவள். மூன்று வாரத்தில் பதவி உயர்வுத் தேர்வு. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க இருந்தது ஒரே ஒரு பின்னறை. அதில் ஒரு பேரரசு குடியேறிவிட்டது. யானைப்படை நிறுத்த இடம் வேண்டுமாம்! அவள் வாஷிங் மெஷின்மேல் புத்தகத்தை விரித்துப் படித்தாள். அது சுழலத் தொடங்கினால் போக்குவரத்து விதிகள் அத்தனையும் சேர்ந்து ஆடும். இதைக் கேட்டும் ஒருவருக்கு ரத்தம் கொதிக்கவில்லையென்றால், அவருக்கு ரத்தமே இல்லை என்றுதான் அர்த்தம்.

அதற்காக அவனைக் கொடுங்கோலன் என்றும் சொல்லிவிட முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்குத் தக்கபடி பிரேமை வளைக்கிறவன். அங்கே அவன் பேச்சை முதலாளியும் கேட்பதில்லை, மூக்குகளும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தால் நாற்பதாயிரம் பேர் அவன் விரலசைவுக்குக் காத்து நிற்கிறார்கள். யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் பேரரசருக்கும் ஒரு குறை இருந்தது. அதைச் சாப்பிடும்போதுதான் சொல்லுவார்.

“சண்டைன்னா இதுல சண்டைதான். மேட்டுல நின்னு அம்பு விட்டா தூரமாப் போகும். ரொம்ப ஓடின குதிரைக்கு மூச்சு வாங்கும். பக்கவாட்டுல அடிச்சா படை மிரண்டு ஓடும். எல்லாம் அச்சு அசல். ஆனா எதிர்ல ஆடுதே கம்ப்யூட்டர், அதுக்கு மூளையே கிடையாது!”

“அப்படி என்ன பண்ணுது?”

“ஆத்துல ஒரே இடத்துல மூணு தடவை எறங்கி மூணு தடவையும் அடி வாங்கும். கோட்டையைப் பிடிக்க வரும், ஏணி எடுத்துட்டு வராது.”

“டிரைவர் இல்லாம வண்டி எடுக்கிற மாதிரியா?”

“அதேதான்! ஜெயிக்கிற நேரத்துல திரும்பி ஓடும். சமாதானம் பேசிட்டு ஆறாவது நாளே அதுவா முறிச்சுக்கும். நாப்பது நிமிஷத்துல ஆட்டம் முடிஞ்சிடுது. எனக்கு வேண்டியது ஒரு மனுச மூளைம்மா!”

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். “நான் வரட்டுமா?”

அவனுக்குப் புரையேறியது.

“நான் ஜெயிச்சா பின்னறை எனக்கு. நீங்க ஜெயிச்சா இனிமே அந்த அறையைப் பத்தி வாயே திறக்க மாட்டேன். ஆனா ஒருத்தர் திரையை ஒருத்தர் பாக்கக் கூடாதுங்க. நீங்க ஹால்ல உக்காருங்க. நான் பழைய லேப்டாப்பை வச்சுக்கிட்டு உள்ள இருக்கேன்.”

நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. ஞாயிறு காலை கம்ப்யூட்டர், நாற்காலி, கால் நீட்டும் முக்காலி எல்லாவற்றையும் தானே சுமந்து ஹாலுக்கு வந்தான். எந்த அரசனும் தன் தலைநகரை இத்தனை உற்சாகமாகக் காலி செய்திருக்க மாட்டான்.

பத்து மணிக்குப் போர். அவள் படை ஆற்றில் இறங்கியது, அடித்தான். அதே இடத்தில் மறுபடி இறங்கியது, மறுபடி அடித்தான். மூன்றாம் முறையும் இறங்கியபோது அவனுக்கு வியர்த்தது. ‘ஆகா! இவளை முட்டாள்னு நான் நெனைக்கணும்னே இப்படிப் பண்றா!’ படையைக் காட்டுக்குள் பதுக்கினான்.

ஏணியில்லாமல் கோட்டை வாசலில் வந்து நின்றாள். ‘அப்போ கதவைத் திறக்க உள்ளயே ஆள் வச்சிருக்கா.’ சொந்தக் காவலர்களையே மாற்றினான். ஜெயிக்கிற நேரத்தில் அவள் குதிரைகள் திரும்பி ஓடின. ‘துரத்தினா பொறி!’ துரத்தவில்லை. ஆறாவது நாள் சமாதானத்தை முறித்தாள். ‘கல்யாணத்தப்போ பேசினதே எவ்வளவோ பாக்கி இருக்கு, இது என்ன!’ யார் பேசி யார் வைத்த பாக்கி என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

பின்னறையில் எதையோ இழுக்கிற சத்தம். தொம்மென்று எதையோ வைக்கிற சத்தம். ‘பதறுறா. இருக்க முடியாம எழுந்து எழுந்து நடக்கிறா.’

இரவல் வாங்கிய சுத்தியலைத் திருப்பித் தர மாடி வீட்டுத் தையற்காரர் வந்தார். “என்ன தம்பி, இப்படி வேர்த்து ஊத்துது?”

“ரெண்டு வருஷமா ஆடுறேண்ணே. இன்னைக்குத்தான் எதிரிக்கு மூளை இருக்கு!”

தையற்காரர் பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு மாடியேறிவிட்டார்.

மதியம் மணி ஒன்று பத்துக்கு வெற்றி. மூன்று மணி நேரத்துக்கு மேல்! நாற்காலியிலிருந்து எழுந்தபோது முதுகு எழவில்லை. ஆனாலும் மனசு பெரிதாகிவிட்டது. தோற்றவளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் அறையைக் கொடுக்கலாம் என்று தீர்மானித்தபடி உள்ளே போனான்.

பின்னறையில் ஒரு மேசை முளைத்திருந்தது. மேசைமேல் விளக்கு, புத்தக வரிசை. சுவரில் தேர்வுக்கான அட்டவணை. லேப்டாப் ஜன்னலோரம் கேட்பாரில்லாமல் கிடந்தது. அவள் நான்காவது மாதிரி வினாத்தாளில் இருந்தாள்.

“தோத்துட்டே! ஆனா சும்மா சொல்லக் கூடாதும்மா, மூணாவது தடவையும் அதே ஆத்துல எறங்கினே பாரு, என்னா துணிச்சல்!”

“எந்த ஆறுங்க?”

“என்ன எந்த ஆறு? நீதானே ஆடினே?”

“நான் எங்க ஆடினேன்? ‘எனக்குப் பதிலா கம்ப்யூட்டர் ஆடட்டும்’னு ஒரு பட்டன் இருந்துச்சு. ஆரம்பிச்ச உடனே அதை அமுக்கிட்டேன்.”

அவனுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. நாற்காலி ஹாலில் இருந்தது. தரையிலேயே உட்கார்ந்தான்.

“இது போங்கு!”

“அமுக்கக் கூடாதுன்னு பேசினோமா?”

பேசவில்லை. அவன் எந்தப் பக்கம் யோசித்தும், அப்படி ஒரு நிபந்தனையே பேசவில்லை.

“அப்போ நான் ஜெயிச்சது?”

“தினமும் ஜெயிப்பீங்களே, அதைத்தான். நம்ம ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. பரீட்சை முடியட்டும், ஆற அமர ஆடலாம்.”

“அதுவரைக்கும் இந்த அறை?”

அவள் அடுத்த கேள்விக்கு எண் போட்டாள்.

“இங்கேயேதான் இருக்கும், எங்க போயிடப் போகுது? இனிமே வரும்போது மட்டும் கதவைத் தட்டிட்டு வாங்க.”